லிவிங்ஸ்டனும் அவர்தம் வழிகாட்டிகளும்

தோற்றுவாய்

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வறுமையால் வாடிச் செல்லுமிடம் அறியாது நிற்கும் கலைஞன் ஒருவனுக்கு, முன்னரே சென்று பரிசில் பெற்று மீள்வான் ஒருவன் எதிர்ப்பட்டு, இன்ன திசையிற் செல்க, இன்ன இடத்துத் தங்குக, இன்ன இடத்துக் கருத்தாயிருக்க என்று உரைத்து வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டிற் சரிபாதி இவ்வகைப் பாட்டுக்களே. வழுக்கு நிலம் யாது, பாம்புறையும் குழி யாது, பன்றிக்கு வைத்த பொறி யாது என்றெல்லாம் மலைபடுகடாம் எடுத்துரைத்தலை வகுப்பிற் பயின்றபொழுது, வழிகாட்டியின் பேச்சையே ஓர் இலக்கிய வகையாக்கிய நம் முன்னோரின் நுண்ணறிவை எண்ணி யாம் வியந்தோம்.

அவ்வியப்பு அடங்குமுன் எம் இல்லத்தில் ஒரு விவாதம் எழுந்தது. எம் ஊராகிய குண்டடம், தாராபுரத்திலிருந்து பல்லடம் செல்லும் பெருவழியில் உள்ளது. மழை குறைந்த பூமி. கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் காங்கயம் மாடுகளும் ஆடுகளும் மேயும். எம் ஊர் இளைஞரிற் பலர் நாள்தோறும் பனியன் கம்பெனிகளுக்கும் நூல் ஆலைகளுக்கும் பேருந்தேறிச் செல்வர். எம் உறவினரான பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் வாணிகத்தின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றவர், அங்குள்ள குரூகர் தேசியப் பூங்காவையும் கண்டு மீண்டார். 1926-இல் நிறுவப்பெற்ற அப்பூங்காவில் 1927 முதற்கொண்டு பார்வையாளர் தம் காரிலேயே செல்லலாம். முதலாண்டில் வந்த கார்கள் மூன்றே. குறித்த இடங்களிலன்றிக் காரினின்று இறங்குதல் கூடாது. மாலையில் வாயில் அடைக்குமுன் திரும்பிவிடல் வேண்டும். நம் நாட்டைப் போலவே இடப்புறம் செல்லும் சாலையாதலால், முதல்நாள் அவர் வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் சென்றார். மறுநாள் பூங்காவின் வழிகாட்டியோடு சென்றார். தாமே ஓட்டியபொழுது யானைக் கூட்டத்தின் அருகே வேண்டுமளவும் நின்று களித்ததாகவும், வழிகாட்டியோடு சென்றபொழுதோ, மான்கள் ஒரே திசையை நோக்கிச் செவி நிமிர்த்ததைக் கொண்டே சிறுத்தை பதுங்கிய மரத்தை அவர் காட்டியதாகவும் கூறினார். இரண்டனுள் எது சிறந்தது என்று அவர் மக்கள் வழக்காடினர். தன் விருப்பிற் செல்லும் உரிமையே பயணத்தின் உயிர் என்றான் மூத்தவன்; அறிந்தார் துணையின்றிச் செல்வது கண்ணிருந்தும் காணாமை என்றாள் இளையவள்.

இதற்கு விடைகாணப் புகுந்த யாம், ஆப்பிரிக்கப் பயணத்திற்கே உருவாய் விளங்கிய டேவிட் லிவிங்ஸ்டனின் வரலாற்றைக் கையிலெடுத்தோம். தன்னந்தனியே இருண்ட காட்டில் நடந்த வீரர் என்றே சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் அவரைப்பற்றிக் கேட்டிருந்தோம். வரலாற்றை ஊன்றிப் படித்தபின்னரோ, அவர் தனியே நடந்த நாள் ஒன்றையேனும் காணோம்.

பஞ்சாலைச் சிறுவன்

1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டுப் பிளான்டயர் என்னும் ஊரில் லிவிங்ஸ்டன் பிறந்தார். தந்தையார் நீல், ஊர் ஊராய்ச் சென்று தேயிலை விற்றவர். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓரறையே பெற்றோர்க்கும் மக்கட்கும் வீடாயிருந்தது. பத்து வயதில் டேவிட் அவ்வூர்ப் பஞ்சாலையிற் சேர்க்கப்பட்டார். நூற்கும் பொறியில் அறும் இழைகளை ஓடியோடி ஒட்டுவதே வேலை. காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு முடியும். முதல் வாரக் கூலியில் ஒரு பங்கைக் கொண்டு இலத்தீன் இலக்கண நூலொன்றை வாங்கினார். அதனைப் பொறியின்மீது விரித்துவைத்து, அப்பக்கம் செல்லுந்தோறும் ஒரு வாக்கியமாகப் படித்தார். வேலை முடிந்தபின் இரவுப் பள்ளிக்கும் சென்றார்.

நூலிழையோடு வாழ்வு பிணைந்த எம் பகுதியார்க்கு இச்செய்தி கதையன்று. ஆலைக் கூலியைச் சேர்த்துத் தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பும் தமக்கையரை யாம் அறிவோம். இம்மலரைப் படிப்பார் சிலரும் அங்ஙனம் வந்தவரே.

கோடையில் ஆலையில் உழைத்து ஈட்டிய பொருளால், 1836 முதல் கிளாஸ்கோ நகரில் மருத்துவமும் கிரேக்க மொழியும் சமயநூலும் கற்றார். இலண்டன் மிஷனெரிச் சங்கத்தார் அவரை ஏற்றுக்கொண்டனர். சீனம் செல்லவே அவர் விரும்பினார். அபினிப் போர் அவ்வழியை அடைத்தது. அக்காலை ஆப்பிரிக்காவினின்று வந்திருந்த ராபர்ட் மொபட் என்னும் ஊழியரைக் கண்டு மனம் மாறினார். 1840 நவம்பரில் மருத்துவப் பட்டயம் பெற்று, டிசம்பரிற் கப்பலேறி, 1841 ஜூலையில் தென்னாப்பிரிக்காவிலுள்ள குரூமன் என்னும் ஊழியத் தலத்தை அடைந்தார்.

1844-இல் மபோட்சா என்னுமிடத்தில் ஆடுகளைக் கவர்ந்த சிங்கம் ஒன்று அவர்மீது பாய்ந்து இடத்தோளைக் கவ்வி எலும்பை நொறுக்கிற்று. மெபால்வே என்னும் ஆப்பிரிக்க உதவியாளர் துப்பாக்கியை உயர்த்திச் சிங்கத்தின் சினத்தைத் தம்மேல் திருப்பிக்கொண்டார். அவருந் தொடையிற் கடியுண்டார். அன்று மெபால்வே இலரேல் பின்வரும் வரலாறே இல்லை. ஒழுங்காய்க் கூடாத அவ்வெலும்பைப்பற்றிப் பின்னரும் கூறுவோம். அடுத்த ஆண்டில் மொபட்டின் மகளார் மேரியை லிவிங்ஸ்டன் மணந்தார்.

பாலை கடந்தமை

1849-இல் கலகாரிப் பாலையைக் கடந்து இங்காமி ஏரியைக் காண முற்பட்டனர். உடன்சென்றவருள் ஒருவர் வில்லியம் காட்டன் ஆஸ்வெல். இவர் நம் சென்னை மாகாணத்திற் கும்பெனி அலுவலராயிருந்து, உடல்நலங் குன்றியமையால் ஆப்பிரிக்கா சென்றவர். கருவிகளும் குதிரைகளும் எருதுகளும் அவர்களிடம் இருந்தன. நீர் இருக்குமிடம் அவர்களுக்குத் தெரியாது. இளமையில் அப்பாலையில் வாழ்ந்த ரமொட்டோபி என்பவரே வழிகாட்டினார். மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்து எருதுகட்கு நீரூட்டினர்.

ஒருகால் வழி மயங்கி நீரின்றித் தவித்தபொழுது, தூரத்தே புதரிடை அசைந்த உருவைச் சிங்கமென்று கருதி ஆஸ்வெல் குதிரையை விரட்டினார். அது சான் இனத்துப் பெண்ணொருத்தி. கொல்ல வந்தனர் என்றஞ்சித் தன்னிடமுள்ளவற்றையெல்லாம் அவள் நீட்டினாள். நீரே வேண்டும் என்று அறிந்தபின், எட்டு மைல் முன்னே நடந்து ஊற்றைக் காட்டினாள். இறைச்சியும் மணிகளும் பரிசளித்தனர். அவள் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. 1849 ஆகஸ்டு முதல் நாள் ஏரிக்கரையில் நின்றனர். ஐரோப்பியர் கண்ட புது ஏரி என்று உலகம் புகழ்ந்தது.

இருபத்தெழுவர்

லிவிங்ஸ்டன் பெருமையின் சிகரம் 1853 முதல் 1856 வரையுள்ள பயணமே. மனைவி மக்களை 1852-இல் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, மக்கொலோலோ மக்களின் தலைநகராகிய லின்யான்டியை அடைந்தார். அவர்தம் இளந்தலைவர் செக்கெலெட்டு. மேலைக் கடலுக்கு வழி திறந்தால் தம் நாட்டு யானைத் தந்தத்திற்கு நல்விலை கிடைக்குமென்று அத்தலைவர் கருதினார். வாணிகம் வளர்ந்தால் அடிமை விற்பனை அழியுமென்று லிவிங்ஸ்டன் கருதினார். இருவர் நோக்கமும் ஒருவழிப்பட்டன. தந்தமும் எருதுகளும் 27 ஆடவரும் செக்கெலெட்டு தந்தவையே. ஆதலின், இப்பயணத்தை ஒரு மிஷனெரியின் பயணம் என்பதினும், மக்கொலோலோ அரசின் தூது என்பதே பொருந்தும்.

1853 நவம்பர் 11-ஆம் நாள் புறப்பட்டனர். இடையறா மழை, ஓயாக் காய்ச்சல். சில நாட்டார் வழிவரியாக ஓர் ஆளையோ எருதையோ துப்பாக்கியையோ கேட்டனர். ஆளைத் தருதல் அடிமையாக விடுத்தலேயாம். எத்துணை இடுக்கணிலும் லிவிங்ஸ்டன் ஒருவரையும் விட்டுக்கொடுத்திலர். 1854 மே 31-ஆம் நாள் போர்த்துக்கேயர் ஆண்ட லுவாண்டாத் துறையை அடைந்தனர். நிலத்திற்கு முடிவே இல்லையென்று கேட்டு வளர்ந்த அவ்விருபத்தெழுவரும் கடலைக் கண்டு திகைத்து நின்றனராம். லிவிங்ஸ்டன் நோயிற் கிடந்த நாட்களில் அவர்கள் வாளாவிருந்திலர். விறகு வெட்டியும், கப்பலினின்று நிலக்கரி இறக்கியும் கூலி ஈட்டினர்.

அத்துறையில் நின்ற ஆங்கிலக் கப்பலார் லிவிங்ஸ்டனைத் தாய்நாட்டிற்கு அழைத்துச் செல்ல முன்வந்தனர். உடல் எலும்புக்கூடாயிருந்தது, மனைவி மக்களைக் கண்டு ஈராண்டாயிற்று. எனினும் அவர் கப்பலேறவில்லை. தம்மோடு வந்தாரை அவர்தம் இல்லத்திற் சேர்ப்பதாகச் சொல் கொடுத்திருந்தார். அவர் துணையின்றி அவர்கள் மீளின் அடிமை வாணிகர் கையிற் படுதல் கூடும். ஆகவே வந்த வழியே மீண்டும் காடு புகுந்தார். 1855 செப்டம்பரில் லின்யான்டியை அடைந்தபொழுது இருபத்தெழுவரும் உயிரோடிருந்தனர். அவர் கண்ட ஏரிகளினும் ஆறுகளினும் இம்மீட்சியையே யாம் பெரிதாக மதிக்கின்றோம். வழிகாட்டி பயணியைக் காத்தல் உலக வழக்கு. பயணி வழிகாட்டிகளைக் காக்கத் தன் வீட்டுவழியைத் துறந்தமை அரிது.

புகை முழங்கும் அருவி

1855 நவம்பரிற் கீழைக் கடல் நோக்கிப் புறப்பட்டனர். இம்முறை செக்கெலெட்டு 114 பேரை அனுப்பினார். சாம்பெசி யாற்றங்கரை மொழிகளை அறிந்த செக்வெபு என்பார் வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமாயினார். இப்பயணத்தொடக்கத்திலேதான் மோசி ஓ துன்யா என்று அம்மக்கள் வழங்கிய பேரருவியை லிவிங்ஸ்டன் கண்டு, தம் அரசியார் பெயரால் விக்டோரியா அருவி என்றார். முழங்கும் புகை என்பது பழம்பெயரின் பொருள். 1989-இல் யுனெஸ்கோ அவ்வருவியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது இரு பெயரையும் சேர்த்தே எழுதிற்று.

பெரும்பாலோரைத் தேட்டே என்னும் ஊரில் விடுத்து, மீண்டு வந்து அழைத்துச் செல்வேன் என்று கூறி, 1856 மே மாதத்தில் கீழைக் கடற்கரையிலுள்ள கெலிமானே சேர்ந்தார். ஆப்பிரிக்காவை மேற்கினின்று கிழக்குவரை கடந்த முதல் ஐரோப்பியர் இவரே என்று புகழப்பட்டார். செக்வெபு மட்டும் உடன்வர விழைந்து கப்பலேறினார். ஆயிரங்கல் நிலத்தைக் கையகத்து நெல்லிக்கனியென அறிந்த அவர்க்குக் கடல் முற்றும் புதிது. மொழி அறிந்தார் லிவிங்ஸ்டன் ஒருவரே. மொரீசுத் தீவை அணுகிய அன்று அவர் மனம் பேதலித்தது. விலங்கிடலாம் என்றனர் கப்பலார். தம் நாட்டிற் பெருமகனாகிய ஒருவரைக் கட்டுதல் தகாதென்று லிவிங்ஸ்டன் தயங்கினார். அன்று மாலை செக்வெபு கடலிற் குதித்து மறைந்தார். அவர் காட்டிய வழியால் ஒருவர் உலகப்புகழ் பெற்றார். அவர்க்கு வழிகாட்டுவார் கடலில் இலராயினர். இப்பகுதியைப் படித்த இரவு யாம் உறங்கவில்லை.

தன் மதியே துணையென்றபோது

இனி லிவிங்ஸ்டனின் குறையும் கூறவேண்டும். 1856-இல் தேட்டேயை நோக்கி வருங்கால், சாம்பெசி யாறு வளைந்து செல்லுமிடத்தில் அவர் குறுக்குவழியே சென்றார். ஆதலால் கெப்ரபாசாப் பாறைச்சரிவுகளைக் காணவில்லை. காணாத அப்பகுதியும் கலம் செல்லத்தக்கதே என்று கணித்துக்கொண்டு, அரசின் பொருளுதவியோடு 1858-இல் நீராவிப் படகு கொண்டு வந்தார். யாறு முழுதும் பாறையும் நுரையுமாயிருந்தது, படகு ஏறவில்லை. உடன்வந்த அதிகாரிகளோடு பிணக்கு. 1862-இல் மேரி அம்மையார் சுபாங்காவிற் காய்ச்சலால் இறந்தார். 1863-இல் அரசு அக்குழுவைத் திரும்ப அழைத்தது. பெரும்பொருளும் புதுப்பொறியும் பெற்றிருந்த இப்பயணம் தோற்றது. பிறர் தந்த எருதின்மேற் சென்ற பயணம் வென்றது. ஆயினும் தேட்டேயில் விட்டவரை அவர் மறந்திலர். பெரியம்மையால் முப்பதின்மர் மாண்டிருந்தனர்; எஞ்சியோருள் விரும்பியவரை 1860-இல் அவரே ஊர்சேர்த்தார்.

குழு கலைந்தபின் தம் சிறு படகைத் தாமே செலுத்திச் சான்சிபாரினின்று ஏறத்தாழ 2,500 மைல் கடல் கடந்து 1864 ஜூனில் பம்பாய் வந்தார். உடன்வந்த சிறுவருள் ஒருவன் சூமா. 1861-இல் அடிமை வாணிகரிடமிருந்து மீட்கப்பட்டவன். அவனைப் பம்பாயில் டாக்டர் வில்சனுடைய மிஷன் பள்ளியிற் சேர்த்தார். ஆப்பிரிக்க வரலாற்றின் பெருவழிகாட்டி ஒருவர் நம் நாட்டுப் பள்ளி மாணவர் என்பது நாம் மகிழத்தக்கது.

கடைசி யாத்திரை

1866-இல் நைல் நதியின் தலையூற்றைத் தேடிக் கடைசி யாத்திரை தொடங்கிற்று. சூமாவும், சுபாங்காவைச் சார்ந்த சூசியும், நாசிக்கில் மிஷனாரால் வளர்க்கப்பட்ட விடுதலை பெற்ற அடிமை இளைஞர் ஒன்பதின்மரும், பம்பாய்ச் சிப்பாய்களும் உடன்வந்தனர். சிப்பாய்கள் விரைவில் திருப்பி அனுப்பப்பட்டனர். வேறு பலர் ஓடிப்போயினர். ஓடியவர் மருந்துப் பெட்டியையும் கொண்டேகினர். துணை குறைந்த லிவிங்ஸ்டன், தாம் வெறுத்த அடிமை வாணிகரின் கூட்டத்தோடேயே பல திங்கள் நடக்க நேர்ந்தது. 1871 ஜூலையில் நியாங்வே சந்தையில் அவ்வாணிகர் மக்களைச் சுட்டு வீழ்த்தியதை நேரிற் கண்டு உளமுடைந்து உஜிஜி மீண்டார். அவ்வாண்டிறுதியில் ஸ்டான்லி என்னும் பத்திரிகையாளர் அங்கு அவரைத் தேடி வந்தபொழுது, முதலில் ஓடிச்சென்று கண்டவர் சூசியே.

ஸ்டான்லி அழைத்தும் அவர் நாடு திரும்பிலர். 1872 ஆகஸ்டில் மீண்டும் தெற்கே நடந்தார். பங்வேலு ஏரிச் சதுப்பில் மழையும் இரத்தப்போக்கும் அவரை வாட்டின. நடக்கவியலாதவரைத் தோளிற் சுமந்தனர். 1873 மே முதல் நாள் விடியுமுன், சிதாம்போ என்பாரது ஊரில், படுக்கையருகே முழங்காற்படியிட்ட நிலையில் உயிர் நீத்திருக்கக் கண்டனர். அவர் நைல் என்று கருதிய லுவலாபா, காங்கோவின் மேற்பகுதியே என்பது பின்னர் 1877-இல் தெளிவாயிற்று.

தலைவர் இறந்தபின் பணியாளர் கலைந்து செல்வதே இயல்பு. பிணத்தைச் சுமப்பது பல நாடுகளில் பேரச்சம் விளைப்பதாகும். எனினும் சூசியும் சூமாவும் தோழரும் கூடி ஆராய்ந்தனர். இதயத்தை அங்கே ஒரு மரத்தடியிற் புதைத்தனர். நாசிக்கிற் கற்ற ஜேக்கப் வெயின்றைட் அடக்க ஆராதனை படித்து மரத்திற் பெயர் செதுக்கினார். உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தித் துணியிலும் மரப்பட்டையிலும் பொதிந்து, நாட்குறிப்புக்களோடும் கருவிகளோடும் ஆயிரம் மைலுக்கு மேல் சுமந்தனர். வழியிற் சிலர் இறந்தனர். எதிர்ப்பட்ட ஆங்கிலப் படைத்தலைவர் காமரோன் அங்கேயே அடக்கலாம் என்றார், அவர்கள் இசைந்திலர். 1874 பிப்ரவரியிற் பகமோயோக் கடற்கரையில் உடலை ஒப்படைத்தனர். கூலி தந்து அனுப்பப்பட்டனர். இலண்டனில் அது லிவிங்ஸ்டன் உடலே என்று மருத்துவர் தெளிந்தது, சிங்கம் முறித்த அவ்வெலும்பைக் கொண்டே. ஏப்ரல் 18-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லில் அவரைக் கொண்டுவந்த கைகள் புகழப்பட்டுள. அக்கைகளுக்குரியார் பெயர்கள் இல்லை.

சூசியும் சூமாவும் பின்னர் இங்கிலாந்துக்கு அழைக்கப்பெற்று, நாட்குறிப்பு அச்சேறுதற்கு உதவினர். அவர்கள் விளக்கம் இன்றேல் இறுதி நாட்கள் நமக்குத் தெரியா. சூமா பின்வந்த பயணிகள் பலர்க்குத் தலைமை வழிகாட்டியாயிருந்து 1882-இலும், சூசி 1891-இலும் காலமாயினர்.

முடிவுரை

எம் இல்லத்து விவாதத்திற்கு வருவோம். தாமே செல்லலாமா, வழிகாட்டியோடு செல்லலாமா? குரூகர் பூங்காவில் ஒருவர் தாமே செல்கின்றார் எனினும், அச்சாலையை வகுத்தார், பலகை நாட்டினார், விலங்கைக் காப்பார் ஆகிய பலர் கண்காணாது உடன்செல்கின்றனர். ஆகவே எவரும் முற்றுந் தனியே செல்லவில்லை. உடன்வருவார் சொல்லைக் கேட்கின்றோமா, அவர்க்கு நாம் பட்ட கடனை அறிகின்றோமா என்பதே வினா. கேட்ட காலத்தில் லிவிங்ஸ்டன் வென்றார். காணாததைக் கண்டதாகக் கொண்ட காலத்தில் தோற்றார். கடனறிந்து லுவாண்டாவினின்று மீண்ட காலத்தில் உயர்ந்தார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி நண்பர் சிலரோடு காரில் குண்டடம் வந்தோம். எம் ஊர் எமக்குத் தெரியாதா என்னும் செருக்கில், கைபேசி காட்டிய குறுக்குவழியைப் பற்றினோம். அஃது ஓர் இட்டேரியிற் புகுந்து, வரவரக் குறுகி, கொறங்காட்டுப் படலின் முன் எம்மை நிறுத்திற்று. இருள் கவிந்தது. ஆடோட்டி வந்த முதிய ஆத்தா ஒருவர் எம்மைக் கண்ணு என்றழைத்து, காரைப் பின்னே நகர்த்தச் செய்து, ஆடுகளையும் விட்டுவிட்டுத் தார்ச்சாலை வரை முன்னே நடந்து வந்தார். நன்றி கூறி விரைந்தோம். இக்கட்டுரையை எழுதி வருங்கால், எட்டு மைல் நடந்த அச்சான் மகளின் பெயர் எழுதப்படாமை குறித்து வருந்திய நிலையில், அவ்வாத்தாவின் பெயரை யாமும் கேட்டிலோம் என்பது நினைவுக்கு வந்து நாணினோம். வரும் விடுமுறையில் முதற்கண் அக்கொறங்காட்டிற்குச் செல்லத் துணிந்துள்ளோம்.

நண்பர்காள்! நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வழியிற் சென்று கொண்டிருக்கின்றோம். முன்னே நடப்பார் ஒருவர் நமக்கு உளர். அவர் பெயரைக் கேட்டறிவோமாக, அறிந்ததை மறவாதிருப்போமாக.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன், இரண்டாம் ஆண்டு